கோப்பி தானாகப் போகவில்லை

இது நடந்து இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. கதை கட்டுகிறேன் என்று நினைப்பவர்கள் மலேசியாவில் கிள்ளானுக்கு வாருங்கள். தொழிற்சாலைகள் முடிகிற இடத்தில், பச்சை கேட் போட்ட விலங்குக் காப்பகம் ஒன்று இருக்கிறது. நானே கூட்டிப் போய்க் காட்டுகிறேன். அதன் ஆபீஸ் சுவரில் ஓர் ஆணி. அந்த ஆணியில் கயிற்றோடு ஒரு சிவப்புக் கழுத்துப்பட்டை தொங்குகிறது. தைரியம் இருந்தால் தொட்டுப் பாருங்கள். எனக்கு இல்லை.

அங்கே வேலை செய்கிற உஷாராணி லேசில் பயப்படுகிற ஆள் இல்லை. கடிக்கிற நாயைத் தூக்கிக் கூண்டில் போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு நாசி லெமாக் சாப்பிட உட்காருவாள். அவள் வாயால் கேட்டதைத்தான் எழுதுகிறேன்.

அந்தக் காப்பகம் ஊருக்குச் செய்கிற உபகாரம் கொஞ்சநஞ்சமல்ல. ஞாயிற்றுக்கிழமைகளில் வேன் எடுத்துக்கொண்டு கம்பம் கம்பமாக, கிராமம் விடாமல் போய் இலவசத் தடுப்பூசி போடுவார்கள். தெருப் பூனைகளைப் பிடித்து, கருத்தடை செய்து, பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விடுவார்கள். இன்னொன்றும் உண்டு. தனியாக இருக்கிறவர்கள் ஆஸ்பத்திரியில் படுத்தால், அவர்கள் திரும்பி வரும்வரை நாயையோ பூனையையோ வைத்துப் பார்த்துக்கொள்வார்கள்.

திருப்பிக் கொடுக்கும்போது மட்டும் ஒரு சட்டம். பொறுப்பாளர் மார்க்கிரட் அக்கா போட்டது. எவனோ ஒருவன் சொந்தக்காரன் என்று புளுகி ஒரு நாயைக் கொண்டுபோய்விட்டானாம். அதிலிருந்து, "ஆளு கையெழுத்து போட்டா பத்தாது, நாயும் கையெழுத்து போடணும்" என்பார். கூண்டைத் திறந்துவிட்டு நாம் ஒதுங்கி நிற்க வேண்டும். நாய் தானாக அவரிடம் போக வேண்டும். போகவில்லையென்றால் கொடுக்கக் கூடாது.

போன அக்டோபரில் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து இராமலிங்கம் வந்தார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. இதயத்தில் அடைப்பு. காப்பி நிறத்தில் ஒரு நாயைச் சிவப்புக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நின்றார். அதன் பெயர் கோப்பி.

"ஆபரேஷன் தேதி இன்னும் சொல்லலம்மா. இவன விட்டா எனக்கு யாரும் இல்ல."

"பயப்படாதீங்க லா அங்கிள். உங்க கையிலயே திருப்பிக் குடுக்கிறேன்," என்றாள் உஷாராணி.

அடுத்த ஒன்பது நாளும் கோப்பி கேட்டையே பார்த்துக்கொண்டு கிடந்தது. கேட் சத்தம் கேட்டால் போதும், பாய்ந்து வந்து கம்பியில் முன்கால்களை வைத்து நிற்கும். வந்தது வேறு ஆள் என்றால் பேசாமல் போய்ப் படுத்துக்கொள்ளும். பார்க்கப் பாவமாக இருக்கும்.

பத்தாவது நாள், வியாழக்கிழமை. மதியத்திலிருந்தே பேய் மழை. மார்க்கிரட் அக்கா வேனோடு பூச்சோங்குக்குப் போயிருந்தார். உஷாராணி மட்டும்தான். ஐந்தரைக்குள் மகளைப் பாலர் பள்ளியிலிருந்து எடுக்க வேண்டும். தாமதமானால் அந்த டீச்சர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள். அவசர அவசரமாகக் கதவுகளைப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

மாலை 5:12. கேட்டில் சத்தம்.

க்ளங்... ஒரே ஒரு தடவை.

கொட்டகையில் நாற்பது நாய்கள். யார் வந்தாலும் ஊரையே கூட்டிவிடும். அன்று அத்தனையும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டன. மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

கேட்டுக்கு வெளியே இராமலிங்கம் நின்றார். நாயை விட வந்த அன்று போட்டிருந்த அதே நீலச் சட்டை. கையில் ஆஸ்பத்திரி பிளாஸ்டிக் பட்டை. காலில் செருப்பு இல்லை.

"அங்கிள்! அதுக்குள்ள விட்டுட்டாங்களா?"

"கோப்பி..." என்றார். அவ்வளவுதான்.

உள்ளே கூப்பிட்டாள். வரவில்லை. சரி, முடியாதவர் என்று நினைத்துக்கொண்டு ஓடிப் போய்க் கூண்டைத் திறந்தாள்.

கோப்பி எழுந்திருக்கவில்லை.

கூண்டின் மூலையில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. வாலைக் கால்களுக்கு நடுவே செருகியிருந்தது. கேட்டையே பார்த்தது... பார்த்துக்கொண்டே அந்த இடத்திலேயே மூத்திரம் போனது.

உஷாராணிக்குச் சட்டம் ஞாபகம் வந்தது. கடிகாரத்தைப் பார்த்தாள். 5:14. 'ஆஸ்பத்திரி வாடை, அதான் மிரளுது' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

நாயை வாரித் தூக்கினாள்.

ஒன்பது நாளில் ஒரு தடவைகூட உறுமாத கோப்பி உறுமியது. அவள் தோளில் நகத்தைப் பதித்தது. விடவில்லை. ஒவ்வொரு காலாகப் பிய்த்து எடுத்துக் கீழே இறக்கி, கயிற்றை அவர் கையில் வைத்தாள்.

அவர் விரல் பட்டது.

ஐஸ் பெட்டியில் கிடந்த மீன் மாதிரி சில்லென்று இருந்தது.

அப்போதுதான் கவனித்தாள். இத்தனை மழையில்... அவர் சட்டை நனையவில்லை.

அவர் திரும்பி நடந்தார். கோப்பி நான்கு காலையும் ஊன்றிக்கொண்டது. இழுபட்டுக்கொண்டே போனது. ஒரே ஒரு தடவை உஷாராணியைத் திரும்பிப் பார்த்தது.

கேட்டைப் பூட்டக் குனிந்தாள். நிமிர்ந்தாள்.

நேர் ரோடு. இரண்டு பக்கமும் வேலி.

யாரும் இல்லை.

ரோட்டு நடுவில் சிவப்பாக ஏதோ கிடந்தது. கயிறு. கழுத்துப்பட்டை.

பட்டையின் கொக்கி போட்டது போட்டபடி இருந்தது.

5:16. நாற்பது நாய்களும் ஒன்றாக ஊளையிட்டன...

இரவு மார்க்கிரட் அக்கா போனில் கேட்டார். "கோப்பி தானா போச்சா?"

"ஆமாக்கா," என்றாள்.

மூன்று வாரம் கழித்து, பகல் பதினொரு மணிக்கு, வாசலில் டாக்சி நின்றது. தடியை ஊன்றிக்கொண்டு இராமலிங்கம் இறங்கினார். இளைத்திருந்தார். ஆனால் உயிரோடுதான் இருந்தார். அவரைக் கண்டதும் நாய்கள் எல்லா ஆளுக்கும் குரைப்பதுபோல் குரைத்தன. உஷாராணி அவரை ஆபீசுக்குள் கூட்டி வந்தாள்.

"அங்கிள்... அன்னைக்கு வியாழக்கிழம நீங்கதானே வந்து..."

அவர் ஆணியில் தொங்கிய பட்டையைப் பார்த்தார். மெல்ல உட்கார்ந்தார்.

"அன்னைக்கு நான் ஆபரேஷன் மேசையில கெடந்தேம்மா. அஞ்சு பன்னண்டுக்கு நெஞ்சு நின்னுபோச்சாம். அஞ்சு பதினாறுக்குத்தான் திரும்ப அடிச்சுச்சாம். டாக்டர் சொன்னாரு."

உஷாராணி அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"ஒரே இருட்டு. தனியா போக பயமா இருந்துச்சு. கோப்பி கூட வந்தா தேவலன்னு நெனச்சேன். யாரோ கயித்த என் கையில குடுத்தாங்க. சூடான கை. கொஞ்ச தூரம் போனோம். அப்புறம் கயிறு வழுக்கிருச்சு. அவன் முன்னால போயிட்டான். நான் கண்ணு முழிச்சிட்டேன்."

வலது உள்ளங்கையை விரித்தார். குறுக்கே, கயிறு அறுத்த மாதிரி, சிவப்பாக ஒரு கோடு. ஆஸ்பத்திரியில் யாருக்கும் அது எப்படி வந்ததென்று தெரியவில்லையாம்.

"ஒன்னே ஒன்னு சொல்லும்மா. அவன் எனக்காகத் தானா வந்தானா? இல்ல... யாராச்சும் புடிச்சுக் குடுத்தாங்களா?"

அவர் கண்கள் கெஞ்சின. உஷாராணிக்கு உண்மை தொண்டை வரை வந்தது. விழுங்கிவிட்டாள்.

"தானாத்தான் அங்கிள் வந்தான்."

சொல்லி முடித்ததும், கொட்டகையில் குரைத்துக்கொண்டிருந்த நாற்பது நாய்களும் வாயை மூடிக்கொண்டன.

கேட்டில் சத்தம்.

க்ளங்... ஒரே ஒரு தடவை.

அவர்கள் இருவரும் எழுந்து போய்ப் பார்க்கவில்லை.