பசி என்று நினைத்த சத்தம்

அந்த வீட்டு அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதித்து வெகுநாளாகிவிட்டது. பாத்திரத்தின் அடியில் முதல் குமிழி கிளம்பியதுமே அவள் இறக்கிவிடுவாள். டீ வெதுவெதுப்பாகத்தான் வரும். ஏரிக்கரை அனல் மின் நிலையத்தில் பம்ப் ஓட்டும் கணவர் ஒரு வார்த்தை பேசாமல் அதைக் குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்புவார்.

அவருடைய தங்கைக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

“இதுக்கு ஏரித் தண்ணியவே மொண்டு குடிச்சிருக்கலாம் அண்ணி. அதுவாச்சும் சூடா இருக்கும்.”

சொன்ன பிறகுதான் நாத்தனார் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவசரமாகப் பேச்சை மாற்றினாள்.

“சாயங்காலம் மீன்குஞ்சு வண்டி வருது. கூண்டை எங்க கட்டுறதுன்னு இன்னும் நீங்க வாயத் திறக்கல. குளிர் வந்தாச்சு, கால்வாய் முகத்துல கட்டினாதான் சட்டுனு வளரும். இந்தத் தடவையும் நஷ்டமாச்சுன்னா ரெண்டு பேரும் துணிக்கடையில சேலை மடிக்கத்தான் போகணும்.”

அவள் துடுப்பை எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தாள்.

இருவருக்கும் பிழைப்பு மீன் வளர்ப்பு. காலிப் பீப்பாய்களை ஏரியில் மிதக்கவிட்டு, அவற்றில் வலைக் கூண்டு தொங்கவிட்டு, குஞ்சு விட்டுத் தீனி போட்டுப் பெரிதாக்கி விற்பார்கள். மின் நிலையமோ ஏரித் தண்ணீரை உறிஞ்சி இயந்திரங்களைக் குளிர்வித்துவிட்டு, சூடேறிய தண்ணீரை ஒரு சிமெண்ட் கால்வாய் வழியாக ஏரிக்கே திருப்பி அனுப்பும். குளிர்காலத்தில் ஏரி முழுவதும் விறைத்துக் கிடக்க, கால்வாய் முகத்தில் மட்டும் ஆவி பறக்கும், மீன் மொய்க்கும். கூண்டை அங்கே இழுத்துப் போய்க் கட்டினால் என்ன என்று முதலில் யோசித்தவள் அவள்தான்.

“மீனை உயிரோட விக்கப் போறியா, வேகவச்சு விக்கப் போறியா?” என்று கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வெந்நீர்க்காரி என்று பேர் வைத்தார்கள். மற்றவர்களின் மீன் உள்ளங்கை அளவு இருக்கும்போது அவளுடையது முழங்கை அளவுக்கு வந்தது. சிரிப்பு அடங்கிவிட்டது, பேர் மட்டும் தங்கிவிட்டது.

கால்வாய் முகத்தில் நத்தைகள் அற்றுப் போனதை அவள் பார்க்காமல் இல்லை. கற்களில் கொழகொழவென்று பாசி படர்ந்தது. வெயில் ஏற ஏற ஏரி மீன்கள் ஆழத்தைத் தேடிப் போய்விட்டன. தீனியைத் திருட ஆளில்லை, நல்லதாய்ப் போயிற்று என்றுதான் அப்போது தோன்றியது.

தீனி போடும் முன் துடுப்புக் கட்டையால் படகின் விளிம்பைத் தட்டுவது அவள் வழக்கம். டொக், டொக். கேட்டதும் கூண்டு மீன்கள் மேலே வந்துவிடும்.

சென்ற கோடையிலும் கூண்டுகள் கால்வாய் முகத்திலேயே கிடந்தன. ஒரு காலை, அவள் தட்டவே இல்லை. அதற்குள் எல்லாம் மேலே வந்து நின்றன. ஏரி வற்றிச் சுருங்கியிருந்தது. கூண்டுக்குக் கூண்டு வட்ட வட்டமாய் வாய்கள். சப்... சப்... சப்... என்று ஏரி முழுக்க ஒரே சத்தம், பெரிய அடுப்பில் ஏதோ கொதிப்பதுபோல.

“தட்டுறதுக்கு முன்னாடியே பந்திக்கு வந்துட்டாங்க பாருங்க அண்ணி,” என்று நாத்தனார் சிரித்தாள்.

“ராத்திரி நல்ல பசி போல,” என்று இவளும் சிரித்துக்கொண்டே தீனியை அள்ளி வீசினாள். கொஞ்சம் தின்றன. ஆனால் வாய் மூடவில்லை. இன்னும் பசி போலிருக்கிறது என்று இன்னொரு மூட்டையையும் பிரித்தாள். சத்தம் அதிகமாயிற்று. தண்ணீரில் கை விட்டவள் வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

கணவருக்கு போன் போட்டாள். “என்னங்க, தண்ணி ரொம்ப சுடுது. கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லுங்களேன்.”

“நான் எப்படிம்மா நிறுத்துறது? இந்த வெயிலுக்கு ஊர் பூரா ஃபேன் ஓடுது. தண்ணி நின்னா மெஷின் வெந்துடும்.”

நாத்தனார் ஒரு கூண்டின் வலையைக் கத்தியால் கிழித்துவிட்டாள். அந்தக் கூண்டு மீன்கள் மட்டும் சரிந்து சரிந்து வெளியேறின. அடுத்த கூண்டுக்குப் போகும்போதே ஏரி அமைதியாகிவிட்டது. வெள்ளை வயிறுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின.

மறுநாள் மீன்வளத் துறையிலிருந்து ஓர் அம்மாள் வந்து தண்ணீரைச் சோதித்தார். மெதுவாகத்தான் சொன்னார்: “சூடு ஏற ஏறத் தண்ணியில காத்து தங்காதும்மா. மீனுக்கோ சூட்டுல மூச்சு இன்னும் அதிகமா வேணும். மத்த மீன் தப்பிச்சு ஓடிடும், கூண்டு மீன் எங்க ஓடும்? நீங்க பார்த்தது பசி இல்ல. மூச்சுக்குத் தவிச்சிருக்கு. தின்னது செரிக்கவும் மூச்சுதானே வேணும்? அந்த நேரத்துல தீனி போட்டிருக்கவே கூடாது.”

அன்றிலிருந்துதான் அடுப்பில் எதுவும் கொதிப்பதில்லை.

இப்போது படகு கால்வாய் முகத்தை நெருங்கியது. ஆவி முகத்தில் அடித்தது. கையை உள்ளே விட்டாள். இதமாக இருந்தது, குளிரில் போர்வைக்குள் கை விட்டதுபோல. அதுதான் பயமாக இருந்தது. கீழே ஏரி மீன்கள் நெருக்கியடித்து நின்றன. நத்தை இல்லை, புழு பூச்சி இல்லை, தின்ன ஒன்றுமில்லை. சூட்டுக்காக மட்டும் வந்து நிற்கின்றன.

“போங்க,” என்றாள். “எங்கயாவது போய்த் தொலைங்க.”

விரட்டுவதற்காகத் துடுப்பால் படகின் விளிம்பை ஓங்கித் தட்டினாள். டொக், டொக்.

மீன்கள் சிதறி ஓடின. தண்ணீர் தெளிந்தது. அடியிலிருந்து நாலைந்து பெரிய மீன்கள் மட்டும், ஓடாமல், நேராக மேலே வந்தன. கிழித்துவிட்ட கூண்டிலிருந்து தப்பியவை. அவள் படகருகே வட்டமாக நின்று வாயைத் திறந்தன.

சப்... சப்...

பசியா, மூச்சா? குனிந்து குனிந்து பார்த்தாள். இப்போதும் அவளுக்குத் தெரியவில்லை.

பம்ப் ஹவுஸ் ஜன்னலில் கணவர் நின்றுகொண்டிருந்தார். அவர் கையை உயர்த்தவில்லை, இவளும் உயர்த்தவில்லை.

கரையில் நாத்தனார் கயிறோடு காத்திருந்தாள். “என்ன அண்ணி, இங்கயே கட்டிடலாமா?”

“எதிர்க்கரையில கட்டு.”

“அந்தக் குளிர்லயா? வளரவே வளராதே!”

“வளர்ற வரைக்கும் சேலை மடிக்கலாம்,” என்றாள். “வா, கயித்தப் பிடி.”

படகு நகர்ந்தது. அவள் துடுப்பைச் சத்தம் வராமல் போட்டாள். அப்படியும் அந்த நாலைந்தும் வெந்நீரின் எல்லைவரை கூடவே வந்தன. குளிர்ந்த தண்ணீர் தொடங்கும் இடத்தில் நின்றுவிட்டன, வாயைத் திறந்தபடி.