மைனாவின் இடப்பக்கம்

இது நடந்தது. நள்ளிரவில் அல்ல, மயானத்தில் அல்ல. பிற்பகல் மூன்றரை மணிக்கு, பாப்பிரெட்டிப்பட்டியில், பஸ் ஹாரன் கேட்கிற தூரத்தில் நடந்தது. தன் கண்தான் ஏமாற்றியிருக்கும் என்று முதலில் சொன்னவளே கவிப்பிரியாதான். ஆனால் மிஷினில் பதிவு இருக்கிறது. மனுஷிக்குப் பயம் வரலாம். பதிவுக்கு ஏது பயம்?

கவிப்பிரியா கால்நடை மருத்துவர். படித்து முடித்து இரண்டு வருடம் ஆகிறது. எதையும் இரண்டு தடவை அளந்துவிட்டு, மூன்றாவது தடவையும் சந்தேகப்படுகிற ரகம். மாதேஷ் கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை விடுகிறவர். அவருடைய வெள்ளைக் குதிரை மைனா, போன மாதம் ஒரு மண்டப வாசலில் நின்றபடியே முன்னங்கால் மடங்கிச் சரிந்தது. ஒரு நிமிடத்தில் தானாக எழுந்துகொண்டது. நல்லவேளை, முதுகில் ஆள் இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை மாதேஷின் நான்கு வயது மகளுக்குக் காதுகுத்து. குழந்தையை மைனா மேல் உட்காரவைத்து ஊரைச் சுற்றி வரவேண்டும் என்பது அவர் ஆசை. உட்காரவைக்கலாமா, கூடாதா? குதிரையின் இதயத்தைப் பார்த்து அதைச் சொல்லத்தான் கவிப்பிரியா ஸ்கேன் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"குதிரைக்கு ஸ்கேனாங்க! எங்க வூட்டுக்காரிக்கே ஏழாம் மாசந்தான் எடுத்தோம்" என்று சிரித்தார் மாதேஷ்.

"மைனா உங்க வீட்டுக்காரி மாதிரி திட்டாதுல்ல அண்ணா. பிடிச்சுக்குங்க."

வெளியே வெயில் கண்ணைப் பறித்தது. அந்த வெளிச்சத்தில் திரை தெரியாது. மாதேஷ் குதிரைக் கொட்டாய் வாசலில் தார்ப்பாயை இறக்கிக் கட்டினார். உள்ளே சட்டென்று இருட்டிவிட்டது. திரையின் நீல வெளிச்சம் மட்டும் மைனாவின் விலாவில் விழுந்தது. மாதேஷ் தலைப்பக்கம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். கவிப்பிரியா வலப்பக்கம் குந்தி, குதிரையின் முன்னங்கால் முழங்கைக்குப் பின்னால் முடியை மழித்து, ஜெல் தடவி, விலா எலும்புகளுக்கு நடுவில் கருவியை வைத்து அழுத்தினாள்.

இதயம் திரையில் எழும்பி வந்தது. பெரியது. இருக்க வேண்டியதைவிடப் பெரியது. இடது அறை ஊதிப்போயிருந்தது. துடிப்பும் சீராக இல்லை. இரண்டு துடித்தது, நின்றது. ஒன்று துடித்தது... நின்றது. அவள் அளந்தாள். மறுபடி அளந்தாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

டிக்... டிக்... டிக்...

"அண்ணா, உங்க வாட்ச்சா?"

"நான் வாட்ச்சு கட்டறதில்லீங்க."

மிஷினின் சத்தமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். மைனா மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது. அதன் இடது காது மட்டும் பின்னால் திரும்பியிருந்தது. பின்னால் யாரோ பேசுவதைக் கேட்பது போல.

"அந்தப் பக்கம் யாரு? கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க. குதிரை சாயுது."

"ஆருமில்லீங்களே டாக்டரம்மா."

ஊதிய இதயம் திரைக்குள் அடங்கவில்லை. ஆழத்தைக் கூட்டினாள். இருபது சென்டிமீட்டர். இருபத்தைந்து. முப்பது. மைனா மெலிந்த நாட்டுக் குதிரை. அதன் உடம்பு முடிந்த பிறகும் திரையில் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது.

அந்த மிச்ச இடத்தில்... இன்னொரு இதயம் துடித்தது.

கைமுட்டி அளவு. வேகமான துடிப்பு. குதிரையின் துடிப்பல்ல.

அதன் நடுவில் பளிச்சென்று இரண்டு கோடுகள். உலோகம்! அவற்றில் ஒன்று மூடும்போதெல்லாம்...

டிக்.

இது முடியாது. இடையில் நுரையீரல் இருக்கிறது. காற்றைத் தாண்டி ஸ்கேனின் ஒலி அலை போகாது. முதல் வருடப் பாடம் இது. கருவியை எடுத்துத் துடைத்தாள். மறுபடி வைத்தாள்.

அங்கேயே இருந்தது.

பதிவுப் பொத்தானை அழுத்தினாள். குனிந்து, குதிரையின் வயிற்றுக்கு அடியில் பார்த்தாள். அந்தப் பக்கம் ஆள் கால்கள் இல்லை. வைக்கோல் மட்டும். வைக்கோலில் இரண்டு இடங்கள் பள்ளமாக அமுங்கியிருந்தன. அவள் பார்க்கப் பார்க்க, ஒரு பள்ளம் இன்னும் கொஞ்சம் அமுங்கியது.

முறைப்படி இடப்பக்கமும் பார்க்க வேண்டும்.

வேண்டாம் என்றது மனம். பாதிப் பரிசோதனையை வைத்து ஒரு குழந்தையைக் குதிரை மேல் ஏற்றலாம், கூடாது என்று சொல்வதா? சுற்றிக்கொண்டு போனாள்.

யாரும் இல்லை. ஆனால் மைனாவின் இடது தோளில் முடி படிந்து, ஈரமாக இருந்தது. தொட்டாள். வெதுவெதுப்பு. இப்போதுதான் யாரோ சாய்ந்திருந்துவிட்டு எழுந்த மாதிரி.

அந்த இடத்தில் நின்று கருவியை வைத்தாள்.

டிக் சத்தம் நின்றது.

திரையில் மைனாவின் இதயம் மட்டும். ஒரு துடிப்பு...

அடுத்தது வரவில்லை.

இரண்டு விநாடி.

நான்கு.

ஆறு...

"டாக்டரம்மா! சாயுது! சாயுது!"

பின்னால் பாய்ந்தாள். முதுகு சுவரில் மோதியது.

டிக்.

டிக்... டிக்...

மைனா தலையைத் தூக்கியது. இடப்பக்கம் சாய்ந்து நின்றது. அந்தச் சாய்வில் எந்தக் குதிரையும் நிற்க முடியாது. விழ வேண்டும். விழவில்லை. காற்றின் மேல் சாய்ந்துகொண்டு, கண்ணை மூடி நின்றது.

தார்ப்பாயை விலக்கிக்கொண்டு வெளியே வந்ததும்தான் அவளுக்கு மூச்சு வந்தது.

"யாரையும் ஏத்தாதீங்க அண்ணா. இதயம் வீங்கியிருக்கு. எப்ப வேணும்னாலும் விழும்."

மாதேஷின் முகம் சுருங்கியது. "ஊருக்கே சொல்லியாச்சுங்க. நாலு வயசுக் கொழந்த, பூ கனம். அதுக்குப் போயி... உங்க மிஷினு சரியாத்தான் சொல்லுதுங்களா?"

அந்தக் கேள்வி கூடவே வந்தது. இரண்டாவது இதயம் மிஷினின் கோளாறு என்றால், மைனாவை அளந்ததும் கோளாறுதான். வீணாக ஒரு தகப்பனின் ஆசையைக் கெடுத்திருக்கிறாள். மைனாவின் அளவு சரி என்றால்... மற்றதும் சரி. ஒன்றை நம்பி இன்னொன்றைத் தள்ள வழியில்லை. தனக்குப் பாடம் எடுத்த நிர்மலாதேவி மேடத்துக்குப் பதிவை அனுப்பினாள். மிஷினில் கோளாறா என்று மட்டும் கேட்டாள். வேறு எதுவும் எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது பத்துக்கு வாய்ஸ் மெசேஜில் பதில் வந்தது. மேடத்தின் குரல் பதற்றமாக இருந்தது.

"கவி, மிஷின் நல்லாத்தான் இருக்கு. உன் அளவு எல்லாம் சரி. அந்தக் குதிரை மேல யாரும் ஏறக் கூடாது. ஆனா பின்னால தெரியுதே, அது யாரோட ஹார்ட்? எங்க வீட்டுக்காரர் ஹார்ட் டாக்டர்தானே, அவர்கிட்ட காட்டினேன். மனுஷங்களுக்கு வைக்கிற உலோக வால்வுங்கறார். அதுல ரத்தம் உறைஞ்சு ஒரு பக்கம் திறக்கவே இல்லையாம். அந்த ஆள் ஒரு நாள் தாங்கினா அதிகம். உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பு!"

மாதேஷுக்குப் போன் போட்டாள். மேளச் சத்தம்.

"பாப்பா எங்க அண்ணா?"

"இப்பத்தாங்க ஏத்தி உக்கார வெச்சேன். ஒரு சுத்து..."

"இறக்குங்க! பேசாதீங்க, முதல்ல இறக்குங்க!"

குழந்தை அழுவது கேட்டது. மேளம் நின்றது.

"எறக்கிட்டேன். என்னாங்க இது, நல்ல நாளும் அதுவுமா..."

"உங்க வீட்டுல யாருக்காவது இதயத்துல வால்வு வெச்சிருக்காங்களா?"

ஆட்களை விட்டு விலகி நடக்கிற செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு, தணிந்த குரல்.

"எங்கண்ணனுக்குங்க. தீர்த்தகிரி. மைனாவக் குட்டியிலருந்து வளத்தவரு. ரத்தம் ஒறையாம இருக்கற மாத்திரய நிறுத்திப்புட்டாரு, ஆடியில போயிட்டாரு. உங்களுக்கு ஆருங்க சொன்னது?"

"எப்படி... எங்க?"

"அந்தக் கொட்டாய்லதாங்க. ராத்திரி மைனாவப் பாக்கப் போனாரு. விடியக்கால நான் போறேன், அதுக்கு எடப்பக்கமா, முதுகுல கையப் போட்டுச் சாஞ்ச மேனிக்கு நிக்கறாரு. தூங்கறாருன்னு நெனச்சுத் தொட்டுட்டேன். ஒடம்பு வெறைச்சுப் போயிருந்துச்சுங்க. எப்பவோ உசுரு போயிருக்கு. விடிய விடிய மைனா ஒரு அடி நவுரல... அவரு கீழ வுழாம தாங்கிக்கிட்டே நின்னுருக்கு."