பொரித்த பரோட்டாவும் என் தொடையும்

பெனிட்டா, ஜோயல்... இந்த வாரம் உங்கள் இரண்டு பேருக்கும்தான் எழுதுகிறேன். வாராவாரம் இந்தப் பத்தியை வாசிக்கிற மற்ற பிள்ளைகளும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளட்டும். அப்பாவின் தொடையைப் பற்றிய சமாச்சாரம். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள்.

ஆரம்பித்து வைத்தது ஜோயல்தான். பரீட்சை லீவு விட்ட அன்று அரைக்கால் டவுசரோடு குப்புறப் படுத்திருந்தேன். முதுகை மிதித்துவிட வந்தவன் பாதியில் நின்றுவிட்டான்.

“அப்பா, ஒங்க தொடைக்குப் பின்னால பொரிச்ச பரோட்டா மாதிரி குழி குழியா இருக்கு!”

“ஏலே, வந்த வேலையைப் பாரு. மிதி!”

சொல்லிவிட்டேனே தவிர மனசு கேட்கவில்லை. பீரோக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று, கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். பையன் சொன்னதில் தப்பே இல்லை.

போனில் தேடினேன். செல்லுலைட் என்று ஒரு பெயர் வந்தது. கூடவே படங்களும். எல்லாமே பெண்கள்! அப்படியென்றால் ஆம்பளைக்கு ஏன் வந்தது? உள்ளே ஏதோ பெரிதாகக் கெட்டுப்போய், அது வெளியே தெரிகிறதோ?

பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். படித்ததில், ஏதோ கொழுப்பு விஷயம் என்ற பாதி புரிந்தது. புரியாத பாதியை பயம் நிரப்பிக்கொண்டது.

அன்றிலிருந்து வீட்டில் டிராக் பேன்ட்தான். தூத்துக்குடி மே மாதத்தில், கரண்ட் போன மத்தியானத்திலும்! ஸ்ரீவைகுண்டம் ஆற்றில் நீச்சல் பழக்கித் தருவதாக பெனிட்டாவுக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று? “அடுத்த வாரம் போவோம் மக்கா.” அந்த வாரம் வந்தால், அதற்கடுத்த வாரம். படித்துறையில் துண்டோடு நிற்கிற அத்தனை பேருக்கும் நடுவில் இந்தத் தொடையை எப்படிக் கொண்டுபோய் நிறுத்துவது?

நான் வேலை பார்ப்பது துறைமுகத்துக்கு வெளியே ஒரு கன்டெய்னர் யார்டில். சரக்கைத் தூக்கி அடுக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறேன். ஏறி உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் இறக்கம். கூட வேலை பார்க்கும் நடராஜன் அண்ணாச்சியிடம், யாருக்கோ கேட்கிற மாதிரி, “ஒடம்புல கொழுப்பு எறங்க என்ன அண்ணாச்சி செய்யணும்?” என்றேன்.

“ஜிம்முல பயலுவ வயித்துல பிளாஸ்டிக்கைச் சுத்திக்கிட்டுல்லா ஓடுதானுவ! வேர்த்து எறங்கிருமாம் வே.”

பிளாஸ்டிக்குக்கா பஞ்சம்? சரக்குப் பெட்டிகள் சரியாமல் இருக்கச் சுற்றுகிற ஃபிலிம், யார்டில் ரோல் ரோலாகக் கிடக்கிறது. மறுநாள் காலை பாத்ரூமில் வைத்து இரண்டு தொடையிலும் சுற்றினேன். இறுக்கமாக... ஏற்றுமதிக்குப் போகிற சரக்கு மாதிரி. மேலே பேன்ட்டை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டேன்.

தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் வரை தாக்குப்பிடித்தேன். வேர்வை ஷூவுக்குள் இறங்கிவிட்டது. கீழே இறங்கி நடந்தால் காலடிக்குக் காலடி சரக்... சரக்...

“என்ன வே, நீரு நடந்தா பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்க சத்தம் கேக்கு?” என்றார் அண்ணாச்சி.

சாயங்காலம் பிரித்துப் பார்த்தால், குழிகள் அப்படியே இருந்தன. மேலே சிவப்புச் சிவப்பாக வேர்க்குரு வேறு! காலை அகட்டி வைத்து வீட்டுக்குள் நுழைந்த என்னை பெனிட்டா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அன்றைக்குக் குடும்ப ஜெபத்தில் அவளுடைய முறை. கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறோம். அவள் குரல் மட்டும் கேட்கிறது.

“இயேசப்பா, எங்க அப்பா கால்ல என்னமோ வியாதி. எங்ககிட்ட மறைக்காங்க. நடக்கவும் முடியல. எனக்கு நீச்சல் வேண்டாம் இயேசப்பா. அப்பா இருந்தா போதும்.”

ஆமென் சொல்லும் முன்பே கண்ணைத் திறந்தால் உங்கள் அம்மா என்னையே பார்க்கிறாள். “காலைல மொத வேலையா டாக்டர்ட்ட போறீங்க” என்றாள். அதுதான் அன்றைய ஆமென்.

டாக்டரம்மா பார்த்தார். அழுத்திப் பார்த்தார். பிறகு உட்காரச் சொன்னார்.

“இது வியாதியே இல்ல. தோலுக்கு அடியில கொழுப்பு இருக்கு. தோலைப் பிடிச்சு இழுத்து வச்சிருக்க நார்களுக்கு நடுவுல அது புடைச்சு நிக்கி. அதான் குழி மாதிரி தெரியுது. ஆம்பளைங்களுக்கு வரது கொறச்சல்... ஆனா வராதுன்னு இல்ல.”

“அப்போ உயிருக்கு...?”

“உயிருக்கு ஒண்ணுமில்ல. வேர்க்குரு எப்படி வந்துச்சு? அதைச் சொல்லுங்க.”

சொன்னேன். டாக்டரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். நான் கோபப்படவில்லை. உயிருக்கு ஒன்றுமில்லை என்று கேட்ட காதுக்கு எந்தச் சிரிப்பும் இனிப்புதான்!

“கிரீம் எதுவும்...?”

“வாங்கினா கடைக்காரருக்கு நல்லது. முழுசாப் போயிரும்னு யாராலயும் சொல்ல முடியாது. எடையைக் கொறைங்க, தொடைத் தசை உறுதியாகட்டும், வெளிய தெரியது கொறையும். நைட்டு பரோட்டாவை விடுங்க. உக்காந்தே இருக்காம நடங்க, படி ஏறுங்க. ஆமா... நீச்சல் தெரியுமா?”

எதற்குப் பயந்து ஆற்றுப் பக்கமே போகாமல் இருந்தேனோ, அதற்கு மருந்தே ஆற்றில் இருந்திருக்கிறது.

வேர்க்குரு ஆறியதும் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? என் கை மேல் மல்லாந்து படுத்து மிதந்தாள் பெனிட்டா. படித்துறையில் ஒருவராவது என் தொடையைப் பார்த்தார்களா? அவரவருக்கு அவரவர் முதுகுக்குச் சோப்புப் போடவே நேரம் போதவில்லை. பார்த்த ஒரே ஆள் ஜோயல். “அப்பா, பரோட்டா நனையுது!” என்று ஆறே கேட்கக் கத்தினான்.

பிள்ளைகளே, உடம்பில் ஏதாவது புதிதாகத் தெரிந்தால் ஒளிக்காதீர்கள். வீட்டில் சொல்லுங்கள். அப்பா, அம்மா ஒளித்தால்... சத்தமாக ஜெபம் பண்ணுங்கள்!

ஆற்றிலிருந்து வந்து நீங்கள் எல்லோரும் அசந்து தூங்கிய பிறகு, நான் மட்டும் பீரோவைத் திறந்தேன். அடியில் சுருட்டிப் போட்டிருந்த அரைக்கால் டவுசரை எடுத்துத் துவைத்து, மொட்டை மாடிக்குக் கொண்டுபோனேன். தெருவைப் பார்த்த கொடியில் காயப்போட்டேன்.

கடல்காற்றுக்கு இரண்டு கிளிப்பும் மாட்டினேன்.