செயலாளர் வீடு

மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்கத்தின் அறிவிப்பைப் போனில் எழுதுவது என் வேலை. மராத்தி பேசும் ஊரான இந்தக் கட்கியிலேயே பிறந்து வளர்ந்த என் கணவருக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. எங்கள் பகுதித் தமிழ்ச் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். அவர் சோபாவில் சாய்ந்துகொண்டு சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். கண் பரிசோதனை முகாம், ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க உதவி, பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு, பொங்கல் பானை வைப்பவர்கள் பெயர் கொடுக்க வேண்டிய நாள். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: எந்த உதவிக்கும் செயலாளரை அழைக்கலாம். அதன் கீழே அவருடைய எண்.

ஒரு மாதம் முகாமின் தேதியைத் தவறாகப் போட்டுவிட்டேன். சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ கேட்ட பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. சமையலறைக்கு வந்தார்.

"இன்னாடி எழுதி வெச்சிக்கீற?"

கேட்டுக்கொண்டே போனை என் முகத்தில் வீசினார். மேலுதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. மாவுப் பாத்திரத்தில் ரத்தம் சொட்டியது. அவரே குனிந்து போனை எடுத்து என் கையில் கொடுத்து, "சரி பண்ணிப் போடு" என்றார். ஒரு கையால் வாயைத் துணியோடு பொத்திக்கொண்டு மறு கையால் திருத்தினேன். பத்து நிமிஷத்தில் குழு முழுக்கக் கும்பிடும் கைகள் வந்து குவிந்தன.

அது முதல் அடி இல்லை. ஆனால் முகத்தில் விழுந்ததில் அதுதான் கடைசி. உதட்டைப் பார்த்து அக்கம்பக்கத்தில் கேட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு துணி மறைக்கும் இடமாகப் பார்த்து அடித்தார். தோள், முதுகு, தொடை. கைக்கு அகப்பட்டது பெல்ட் என்றால் பெல்ட், குக்கர் மூடி என்றால் மூடி. ஒருநாள் என் விரல்களைப் பீரோக் கதவின் இடுக்கில் வைத்துச் சாத்தினார். நான் கத்தியது வெளியே கேட்கக் கூடாதென்று டிவி சத்தத்தைக் கூட்டினார்.

இதே மனிதர்தான் ஏரவாடாவில் கூலி வேலை செய்யும் ஒரு குடும்பத்துக்கு ரத்தம் வேண்டும் என்றதும், பிம்ப்ரியில் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு ஓடினார். அது நடிப்பு இல்லை. நானே பார்த்திருக்கிறேன். யாரிடம் போய் நான் சொல்வது? கஷ்டம் என்றால் எல்லோரும் கூப்பிடும் ஆளே அவர்தான்.

போன வருஷம் மழை விட்டதும் பெண்களுக்கான பரிசோதனை முகாம் ஒன்று நடத்தினார்கள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில், ஞாயிறு காலை. பெயர் பதியும் மேஜையில் நான் உட்கார்ந்திருந்தேன். கூட்டம் குறைந்த நேரத்தில் ரத்த அழுத்தம் பார்க்கும் நர்ஸ் என்னையும் கூப்பிட்டாள். மராத்திக்காரி, என் வயதுதான் இருக்கும். பட்டை கட்டுவதற்காக என் ரவிக்கைக் கையை மேலே சுருட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"தாயீ, ஹே காய்?" என்றாள். இது என்ன என்று.

பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று இந்தியில் சொன்னேன்.

"உங்க பாத்ரூமுக்கு அஞ்சு விரல் இருக்குதா?" என்று அவளும் இந்தியில் கேட்டாள். என் டோக்கனின் பின்பக்கம் ஒரு முகவரி எழுதித் தந்தாள். போலீஸ் நிலையத்துக்கு அடுத்த கட்டடத்தில் பெண்களுக்கான ஆலோசனை மையம்.

வாசலில் நின்றிருந்த என் கணவர் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்தினார். "அவகிட்ட இன்னா சொன்ன?" என்றார். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். முடியைப் பிடித்து என் தலையைச் சுவரில் மோதினார். இரண்டாவது முறை மோதியபோது காதுக்குள் விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. கீழே விழுந்தேன். விலாவில் உதைத்தார். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் உள்ளறையிலிருந்து ஓடிவந்து, "பஸ், பப்பா, பஸ்!", போதும் போதும் என்று கத்திக்கொண்டே அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவளைத் தள்ளினார். டைனிங் டேபிள் முனையில் அவளுடைய முழங்கை இடித்தது.

அடுப்பு மேடையில் சப்பாத்திக் கட்டை இருந்தது. நான் எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. கட்டையை எடுத்து அவர் முகத்தைப் பார்த்து ஓங்கி அடித்தேன். புருவம் பிளந்தது. அவர் கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். போதும் என்று நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. தோளில் அடித்தேன், தடுத்த கையில் அடித்தேன். அடிக்க அடிக்க உடம்பெல்லாம் லேசானது போல இருந்தது. அந்த சுகம் எனக்கு இப்போதும் பயமாக இருக்கிறது.

மகள் கதவைத் திறந்து எதிர்வீட்டு மராத்தி அம்மாளைக் கூட்டி வந்திருந்தாள். அவர்தான் என் கையிலிருந்து கட்டையைப் பிடுங்கினார்.

அன்றே அந்த அம்மாளும் மகளும் நானும் போலீஸ் நிலையத்துக்குப் போனோம். எனக்கு இரண்டு விலா எலும்புகளில் கீறல் விட்டிருந்தது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். மறுநாள் ஆலோசனை மையத்தில் ஒரு பெண் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள்.

"நானும் அடிச்சேன். அதையும் எழுதணுமா?" என்று கேட்டேன்.

"எழுதணும். நடந்ததை நடந்த மாதிரியே சொல்லுங்க" என்றாள்.

அந்த வாரமே சங்கத் தலைவர் வீட்டுக்கு வந்தார். "இங்க நம்ம ஜனம் கொஞ்சம் பேர்தாம்மா. போலீசு கோர்ட்டுன்னு போனா நாளைக்கு யாரு மதிப்பாங்க? பொங்கல் முடியட்டும், உக்காந்து பேசிக்கலாம்."

"பொங்கல் வரைக்கும் அவர் அடிக்க மாட்டார்னு நீங்க எழுதிக் குடுங்கண்ணா" என்றேன். டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்குள் அவர் வரக் கூடாது என்று கோர்ட் உத்தரவு போட்டது. அவர் பிம்ப்ரியில் தன் தம்பி வீட்டுக்குப் போனார். ஆனால் செயலாளராகவே இருந்தார். புருவத்துத் தையலை பைக்கிலிருந்து விழுந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். பொங்கல் ஏற்பாட்டுக் கூட்டத்தில் மைக் செட் யாருக்குக் கொடுப்பது என்று தகராறு வந்து, துணைத் தலைவரை எல்லோர் முன்னாலும் கன்னத்தில் அறைந்துவிட்டார். மறுநாள் காலையில் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். பதினாறு வருஷம் நான் வாங்கியது போதவில்லை; துணைத் தலைவருக்கு ஒரு அறை போதுமாக இருந்தது. அதைக் கேட்டு அன்றைக்கு நான் சிரித்தேன். சிரித்தபோது விலா வலித்தது.

எல்லாம் அடங்கிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். பிப்ரவரியில் ஒருநாள் மகள் கீழே உட்கார்ந்து காலணி மாட்டிக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேலிருந்த அலமாரியில் பிஸ்கட் டப்பா எடுக்க வேகமாகக் கையைத் தூக்கினேன். அவள் இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு சுவரோடு ஒடுங்கினாள்.

"டப்பா எடுக்கத்தான்டி" என்றேன்.

"மாலும், அம்மா" என்றாள். தெரியும் என்று. ஆனாலும் கையை எடுக்கவில்லை.

இப்போது வியாழக்கிழமைகளில் பள்ளி விட்டதும் அவளை மையத்துக்குக் கூட்டிப் போகிறேன். உள்ளே அவள் மராத்தியில் பேசுகிறாள். தடுப்புக்கு வெளியே நான் உட்கார்ந்திருக்கிறேன். பாதிதான் புரிகிறது. பப்பா என்ற சொல் எத்தனை முறை வருகிறதோ, கிட்டத்தட்ட அத்தனை முறை அம்மா என்ற சொல்லும் வருகிறது.