மறியலுக்கு வந்த தயிர்

பக்கத்து வளவுக்காரரின் பால் எருமையை நான் களவாய் வெட்டி இறைச்சியாக்கினேன் என்பது வழக்கு. என் வளவு மூலையில் யாரோ கொண்டுவந்து போட்ட கொம்புகள்தான் சாட்சி. விசாரணை முடியும்வரை மட்டக்களப்பு மறியல் சிறையில் போட்டுவிட்டார்கள்.

கிழமைதோறும் என்னைப் பார்க்க வந்தவன் மனைவியின் தம்பி மட்டுமே. அந்த அக்கறையே என்னை உறுத்தியது. நான் வெளியில் இருந்தபோது என் வீட்டுப் படலையைத் திறந்தே பார்க்காதவன் அவன். ஒருநாள் ஒரு சட்டி எருமைத் தயிரோடு வந்தான். அவனிடம் ஓர் ஆடுகூடக் கிடையாது.

"ஆர்ர தயிர் மச்சான்?"

"செங்கலடிச் சந்தையில வாங்கினன் அத்தான்" என்றான், சுவரைப் பார்த்துக்கொண்டு.

சந்தைத் தயிர் புதுச் சட்டியில் வரும். இதுவோ அடி கரிந்த வீட்டுச் சட்டி. அந்த எருமை சாகவில்லை, இவனிடம்தான் இருக்கிறது என்று அப்போதே எனக்குப் பட்டது.

அவன் கழுத்தைப் பிடிக்கப் போன கையால் சட்டியை வாங்கினேன்.

"நல்ல தயிர் மச்சான். ஒவ்வொரு கிழமையும் கொண்டு வா."

பால் கறக்கும்வரை அந்த எருமையை அவன் வெட்டமாட்டான். அது உயிரோடு இருக்கும்வரை நான் அதைக் கொன்றவன் இல்லை.