வெறும் பையை எப்படி நீட்டறது?

இரண்டு வாரத்துக்கு முன்னால் நடுத்தெருவில் எனக்குச் செம டோஸ். கொடுத்தது அஞ்சலை. வாங்கிக்கட்டிக்கொண்டது நான். வேடிக்கை பார்த்தது... கியூவில் நின்ற அத்தனை பேரும்!

“இன்னாம்மா நெனச்சுக்கினு இருக்கற நீ? எங்க வூட்டுக் கீரை உனக்குக் கசக்குதா?”

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக முன்கதை. பாகூர் பக்கத்தில் பூட்டிக் கிடந்த ஓர் உரக்கடையை வாங்கிக் கழுவி, நானும் சிநேகிதிகளும் சனிக்கிழமைதோறும் ஷட்டரைத் தூக்குகிறோம். அரிசி, பருப்பு, எண்ணெய். வசதி இருக்கிறவர்கள் கொண்டுவந்து வைக்கிறார்கள். தேவைப்படுகிறவர்கள் எடுத்துப் போகிறார்கள். வேலை இல்லாத வாரம், ஆஸ்பத்திரி வாரம் — எந்த வீட்டுக்குத்தான் வராது?

பிளாஸ்டிக் கவர் வேண்டாமென்று துணிப்பை தைத்தோம். ‘அடுத்த வாரம் வரும்போது பையைத் திருப்பிக் கொண்டாங்க’ என்று சொன்னேன். அங்கேதான் ஆரம்பித்தது வினை.

எங்கள் பக்கத்தில் அடுத்த வீட்டுப் பாத்திரத்தை யாரும் வெறுமனே திருப்பித் தர மாட்டார்கள். குழம்பு வந்த கிண்ணத்தில் இரண்டு வெண்டைக்காயாவது திரும்பிப் போகும். உங்கள் வீட்டிலும் அப்படித்தானே? எங்கள் துணிப்பைக்கும் அதே சட்டத்தைப் போட்டுவிட்டார்கள்! ஒரு பையில் முருங்கைக்கீரை. ஒன்றில் எலுமிச்சை. இன்னொன்றில் வாழைப்பூ.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒவ்வொரு பையையும் எல்லார் முன்னாலும் பிரித்து, ‘அடடா, என்ன மனசு இவங்களுக்கு!’ என்று ஒரே பாராட்டு. என் வாய்தான் சும்மா இருக்காதே.

அந்தச் சமயத்தில்தான் செல்வி வருவதை நிறுத்தினாள்.

செல்வி நடவு, களையெடுப்பு என்று வயல் வேலைக்குப் போகிறவள். புருஷன் சென்ட்ரிங் வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, காலில் கட்டோடு படுத்திருக்கிறான். இரண்டும் பெண் பிள்ளைகள். மழை பிடித்துக்கொண்டதில் வயல் வேலையும் போச்சு. ஸ்கூல் இருந்தாலாவது மத்தியானச் சோறு நிச்சயம். மழைக்கு லீவு விட்டுவிட்டார்களே! இந்த நேரம் பார்த்து இவள் வராமல் இருந்தால் அந்தப் பிள்ளைகள் என்னத்தைத் தின்னும்?

அரிசியை ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு போனேன். சரியான கோபத்தோடுதான் போனேன்.

ஒற்றை அறை வாடகை வீடு. வாசல் முழுக்க சிமென்ட். ஒரு செடி ஊன்ற இடமில்லை. எங்கள் பை துவைத்து மடித்து ஆணியில் தொங்கியது. சின்னவள் வரக்காப்பியில் பொறை ரொட்டியைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். அதுதான் அன்றைய மத்தியானச் சாப்பாடு.

“ஏன்டி வரல?”

“வேல இருந்துச்சுக்கா.”

“கொட்டற மழையில இன்னாடி வேல?”

தலையைக் குனிந்துகொண்டாள். “வெறும் பையை எப்படிக்கா நீட்டறது? எல்லாரும் ஏதோ ஒண்ணு போட்டுத் தர்றாங்க. நீயும் பிரிச்சுப் பிரிச்சுப் பாக்கற. எங்கிட்ட இன்னாக்கா இருக்குது?”

கோபம் போன இடம் தெரியவில்லை. அரிசியை வைத்தேன். பிள்ளைகளைப் பார்த்து வாங்கிக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. இப்படியே வாராவாரம் வாசலில் போய் நின்று கொடுத்தால் அவள் மனசு என்ன ஆகும்?

யோசித்தேன். அதாவது, யோசித்ததாக நினைத்துக்கொண்டேன். அடுத்த சனிக்கிழமை ஆர்டர் போட்டேன்... இனிமேல் துணிப்பை கிடையாது. கவர்தான். யாரும் எதுவும் கொண்டுவர வேண்டாம்!

அதற்குத்தான் அந்த டோஸ். அஞ்சலை கரும்பு வெட்டுகிறவள். பேச்சிலும் அதே வெட்டுதான்.

“சும்மா வாங்கினு போயி துன்னா எங்களுக்குச் சோறு எறங்குமா? நீ மட்டும் குடுத்துக்கினே இருப்ப, நாங்க கையேந்திக்கினே இருக்கணுமா?”

நியாயம்தானே? ஒருத்திக்கு எதையாவது கொடுக்காமல் வாங்க மனசு வரவில்லை. இன்னொருத்திக்குக் கொடுக்க ஒன்றுமே இல்லை. நடுவில் மாட்டிக்கொண்டு நான் முழிக்கிறேன்.

பேர் சொல்லாமல் விஷயத்தைச் சொன்னேன். பேர் சொல்லாவிட்டால் ஊருக்குத் தெரியாதா என்ன! அஞ்சலை விறுவிறுவென்று உள்ளே போய் ஒரு கூடையைத் தூக்கி வந்தாள். ஷட்டருக்கு வெளியே, மழைக்குக் கட்டியிருந்த தார்ப்பாய் மறைப்புக்குப் பின்னால் வைத்தாள்.

“கீரையோ காயோ, போடறவங்க இதுல போட்டுட்டு வாங்க. வேணுங்கறவங்க எடுத்துக்கினு போங்க. பையை மட்டும் மடிச்சு உள்ள குடுங்க. இனிமே எல்லாரும் வெறும் பைதான்!” என்னைப் பார்த்துத் திரும்பினாள். “நீ கூடையண்ட எட்டிப் பாத்த... அவ்ளோதான்.”

சரி என்று தலையாட்டினேன். வேறு வழி?

செல்வி காதில் இதை யார் போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. போன சனிக்கிழமை கொட்டுகிற மழையில், தலையில் ஒரு உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு முதல் ஆளாக வந்து நின்றாள். மடித்த பையை நீட்டினாள். நேராக, என் முகத்தைப் பார்த்து. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அடக்கிக்கொண்டு, “உங்க வூட்டுக்காரருக்குக் கால் தேவலையாடி? பிள்ளைங்க எப்படி...” என்று ஆரம்பித்தேன்.

“அப்பறம் பேசலாம்க்கா, மொதல்ல அரிசியப் போடு. உலை வெச்சு, பெரியவள அடுப்பண்ட உக்கார வெச்சுட்டு வந்திருக்கேன்.”

வீட்டில் ஒரு மணி அரிசி கிடையாது. உலை வைத்துவிட்டு வந்திருக்கிறாள்!

கண் நிறைந்துவிட்டது எனக்கு. ஆனால் அழுதுகொண்டு நிற்க ஏது நேரம்? அங்கே தண்ணீர் கொதிக்குமே!