மாமாவின் உள்ளங்கால்

மாமாவின் வலது கால் ரப்பர் செருப்பு நடக்கும்போதே கழன்று பின்னால் கிடக்கும். திரும்பி வந்து மாட்டிக்கொள்வார். பெருவிரல் மடங்காது, வாரைப் பிடிக்காது. அன்னூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலைக்கு இருந்தபோது பாட்டில் கண்ணாடியை மிதித்துவிட்டதாகச் சொல்லியிருந்தார். அம்மாவின் தம்பி பொய் சொல்வார் என்று நான் நினைத்ததே இல்லை.

கோவையில் மருத்துவம் படிக்கச் சேர்ந்த முதல் வருடம், ஒரு பிணத்தின் உள்ளங்காலை அறுத்தோம். தோலுக்கு அடியில் தடித்த நார்ப்படலம். அதை உரித்துத் தசைகளை விலக்கினால், விரல்களை மடக்கும் தசைநாண்கள் வெள்ளையாகத் தெரிகின்றன. பெருவிரலின் நாணும் மற்ற விரல்களின் நாணும் ஒன்றையொன்று தாண்டிப் போகும் இடம் பாதத்தின் உள்வளைவு. நடக்கும்போது தரையில் படாத இடம் அது. என் கத்தி நின்றுவிட்டது. மாமாவின் தழும்பு அங்கேதான் இருந்தது, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, கோடு போட்ட மாதிரி. கண்ணாடி அப்படிக் கிழிக்காது. காலை யாரோ பிடித்திருக்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே ஊருக்குப் போய்க் கேட்டேன். வெகுநேரம் மழுப்பினார்.

"தண்ணி பாச்சியாச்சான்னு சின்னப் பண்ணாடி கேட்டாரு. பாச்சியாச்சுன்னு சொல்லிப்போட்டேன். ஒரு 'ங்க' உட்டுப்போச்சு கண்ணு."

அவ்வளவுதான் குற்றம். வரப்பில் குப்புறத் தள்ளினார்கள். ஒருவன் முதுகில் ஏறி உட்கார்ந்தான், இன்னொருவன் கெண்டைக்காலை முழங்காலால் அழுத்தினான். அந்தச் சின்னப் பண்ணாடி, தோட்டத்துக்காரரின் மகன், மாமாவைவிடப் பத்து வயது சின்னவன், பெருவிரலை வளைத்து உள்ளங்காலை விறைக்க வைத்து, கொடுவாளால் இழுத்தான். விறைத்த நாண்தான் சுலபமாக அறும். அதை அவன் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. வாய் நிறைய மண்ணோடு மாமா கத்தியதெல்லாம் "வேண்டாமுங்க, வேண்டாமுங்க" என்றுதான். அப்போது ஒரு 'ங்க'கூட விட்டுப்போகவில்லை.

அவனை வெட்ட வேண்டும் என்று இருந்தது எனக்கு. இன்றும் அப்படித்தான் இருக்கிறது. "போலீசுக்குப் போலாமுங்க மாமா" என்றேன். "உன்ற படிப்பு முடியட்டும்" என்றார். முடிந்ததும், "இனி எதுக்கு கண்ணு" என்றார்.

போன மாதம் அன்னூர் பேருந்து நிலையத்தில் நானும் மாமாவும் நின்றிருந்தபோது, ஒரு நரைத்த மீசைக்காரர் காரை நிறுத்தி இறங்கினார். "டாக்டர் அம்மணி, சௌக்கியமா?" என்றார். மாமாவின் முகத்தைப் பார்த்ததுமே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது.

"இருக்கேன்" என்றேன். வேண்டுமென்றே அதோடு நிறுத்திக்கொண்டேன்.

மாமாவின் பிடி என் மணிக்கட்டை நசுக்கியது. "சௌக்கியமா இருக்குதுங்க, பண்ணாடி. நல்லா இருக்குதுங்க" என்று எனக்காக அவர் சொன்னார். சொல்லிக்கொண்டே என் கால்களுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார்.